எறும்புக் கரண்டு

லாரியின் பக்கப் பலகையில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கினேன். அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. அடியும் படவில்லை, விழவும் இல்லை. கார்த்திகை மாதம். இரண்டு நாள் விடாமல் நெல் மூட்டை ஏற்றிவிட்டு, மூன்றாம் நாள் பகலில் மூட்டைகளின் மேல் குப்புறப் படுத்தேன். வலது மேல்கை பலகையின் இரும்பு விளிம்பில் அழுந்திக் கிடந்திருக்கிறது. சமயநல்லூரில் வண்டி நின்றபோது நான் எழுந்தேன், கை எழவில்லை.

மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்து உதறினேன். மணிக்கட்டு ஒடிந்த கிளை போலத் தொங்கியது. விரல்களை மடக்க முடிந்தது, நீட்ட முடியவில்லை. லாரிக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பிடி வழுகியது. மணிக்கட்டு நிமிர்ந்து நின்றால்தான் பிடி இறுகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்தேழு வயது வரைக்கும் அந்தக் கையை வைத்துத்தான் பிழைத்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிணற்று மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் ஒன்றரை வருடம், தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு கோடை, கரும்பு வெட்டு, பிறகு லாரி. ஓர் ஊரில் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. இப்போது சமயநல்லூரில் அக்கா வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. லாரி முதலாளி சித்திரை வரைக்கும் இடம் வைத்திருப்பதாகச் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் செங்கல் காளவாசல் வைத்திருந்தார்.

"கை வரலேன்னா என்ன மாப்ள, காளவாசல்ல வந்து உக்காரு. ஆளுகளை மேய்க்குறதுக்கு வாய் இருந்தாப் போதும். அது ஒனக்கு அம்புட்டு இருக்கு" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒரே புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு ஆயுசு முழுக்க உட்கார என்னால் முடியாது.

மறுவாரம் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பழக்கதோஷத்தில் ரோட்டோரம் நின்று லாரிக்குக் கையைக் காட்டினேன். தூக்கிய கையில் மணிக்கட்டு தொங்கி ஆடியது. ஒரு டிரைவர் வேகத்தைக் குறைத்து வெளியே தலையை நீட்டினார்.

"நில்லுங்குறியா, போங்குறியா? கோழி வெரட்டுற மாதிரி வெரட்டுற?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு இடது கையைத்தான் காட்டினேன்.

கரண்டு வைக்கும் அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. இரண்டு மரக்கட்டில்கள், ஒரு மேசை, மேசை மேல் சாம்பல் நிறத் தகரப் பெட்டி. பெட்டியில் இரண்டு திருகுகள், ஒரு சுவிட்சு, இரண்டு வயர்கள். ஒரு வயரின் நுனியில் ரப்பர் பட்டை. அதை ஈரத் துணியில் சுற்றி மேல்கையில் கட்டுவார்கள். இன்னொன்றின் நுனியில் பேனா மாதிரி ஒரு குச்சி. அதன் தலையிலும் ஈரத்துணி. இவற்றை வைத்து வைத்தியம் செய்த அம்மா படிப்பு முடித்து வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். எல்லோரும் அவரைக் கரண்டம்மா என்றார்கள். நேரில் மட்டும் மேடம்.

முதல் நாள் அவர் சுவிட்சை ஒரு பக்கம் திருப்பிக் குச்சியை என் இடது கையில் வைத்தார். தோல் மேல் எறும்புப் புற்று உடைந்தது போல இருந்தது. உடனே மணிக்கட்டு விறைத்து நிமிர்ந்து அப்படியே நின்றது. சுவிட்சை மறுபக்கம் திருப்பினார். இப்போது எறும்பு இல்லை, நிறுத்தி நிறுத்தி ஒவ்வோர் அடியாக விழுந்தது. அடிக்கு ஒருமுறை கை துள்ளியது. நாங்கள் முதலாவதை எறும்பு என்றும் அடுத்ததைச் சுத்தியல் என்றும் சொல்லிக்கொண்டோம்.

பிறகு வலது கை. எறும்பு ஊர்ந்தது, கை கிடந்தபடி கிடந்தது. சுத்தியலுக்கு மட்டும் முன்கைச் சதை மண்புழு போல மெதுவாக ஒருமுறை நெளிந்து அடங்கியது.

"நரம்பு உயிரோட இருந்தா ரெண்டு கரண்டுக்கும் சதை துள்ளும்" என்றார். "எறும்பு ரொம்ப வேகமான கரண்டு. அதைப் புரிஞ்சுக்க நரம்பு வேணும். நரம்பு இல்லாத சதைக்கு மெதுவா, நீளமா அடிச்சாத்தான் ஒறைக்கும்."

"அப்ப நரம்பு செத்துப்போச்சா மேடம்?"

"அழுந்துன எடத்துக்குக் கீழ செத்திருக்கு. மேல இருந்து புதுசா வளர்ந்து வரலாம். மாசத்துக்கு ஒரு இஞ்சு வரும். அதுவரைக்கும் சதை காய்ஞ்சு போகாம இருக்கத்தான் இந்தச் சுத்தியல். சித்திரைக்குள்ள ஒண்ணும் தெரியலேன்னா, கையத் தொறந்து பாக்கணும்னு பெரிய டாக்டருக்கு எழுதிக் குடுத்துருவேன்."

லாரி முதலாளியும் சித்திரை என்றார், இவரும் சித்திரை என்றார். நான் அன்றிலிருந்து எறும்புக்குக் காத்திருந்தேன்.

ஆனால் உட்கார்ந்து காத்திருக்க எனக்கு வராது. மோட்டார் கடையில் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பெட்டி புதிராக இருந்தது. மோட்டாரில் கரண்டு கம்பி வழியாகப் போகும். கம்பி மேல் வார்னிஷ் பூசியிருக்கும், அதனால் பக்கத்துக் கம்பிக்குத் தாவாது. கையில் கம்பி எங்கே? பட்டையில் புறப்பட்டுக் குச்சிக்கு வந்து சேரும் கரண்டு இடையில் எந்த வழியாகப் போகிறது? குச்சியை ஒரு விரற்கடை நகர்த்தினால் நடுவிரலுக்குப் பதில் சுண்டுவிரல் துள்ளுகிறதே, அது எப்படி?

இரண்டாம் வாரமே ஒன்று தெரிந்தது. அக்கா தினமும் காலையில் என் கைக்குக் காய்ச்சிய எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஏதோ வேர்களைப் போட்டு, ஊர் வைத்தியரிடம் வாங்கியது. நன்றாக ஊறட்டும் என்று துடைக்காமல் பஸ் ஏறுவேன். கரண்டம்மா திருகைக் கூட்டிக்கொண்டே போவார், சதை அசையாது. தோலில் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் ஊசி குத்தியது போலச் சுரீர் என்னும். ஒரு நாள் குனிந்து கையை முகர்ந்தார்.

"எண்ணெய் தேச்சிருக்கீங்களா?"

"அக்கா தேச்சுவிட்டுச்சு மேடம். நரம்புக்கு நல்லதாம்."

"அக்காவ ராத்திரி தேய்க்கச் சொல்லுங்க. போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தேன். திருகைக் குறைக்க அவரும் மறந்துவிட்டார். குச்சி பட்டதும் கட்டிலிலிருந்து எகிறிவிட்டேன். "எண்ணெய் கெடுத்துச்சா, எண்ணெய் காப்பாத்துச்சா?" என்று பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கேட்டுச் சிரித்தார். கம்பியின் வார்னிஷ் செய்கிற வேலையை அக்காவின் எண்ணெய் என் தோலில் செய்திருக்கிறது. எண்ணெய் படாத ஒன்றிரண்டு பொட்டு இடங்களில் கரண்டு முழுக்கக் கூட்டமாக நுழையப் பார்த்திருக்கிறது, அதனால்தான் ஊசி. வீட்டில் சொன்னபோது அக்காவுக்குக் கோபம்.

"அம்புட்டு எண்ணெயும் வீணா? அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்?"

பக்கத்துக் கட்டிலில் சிரித்தவர் கோரிப்பாளையத்தில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த பாய். நாற்பது வயதுக்கு மேல். ஒருநாள் காலை எழுந்தபோது முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். ஒரு கண் மூடாது. மற்றக் கண்ணை மூடித் திறந்தால் பார்ப்பவர்களுக்குக் கண்ணடிப்பது போலத் தெரியும்.

"பொம்பளைக கடைக்கு வரமாட்டேங்குறாக மாப்ள. இருபது வருசமா தலையக் குனிஞ்சு யாவாரம் பண்ணுனேன், அல்லா இந்த வயசுல கண்ணடிக்க வச்சுட்டான்" என்பார்.

அவர் கன்னத்தில் குச்சி வைக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். சரியான இடத்தில் வைத்தால் உதட்டோரம் மேலே ஏறும். சற்றுக் கீழே போனால் தாடைச் சதை பிடித்துக்கொண்டு பல் கடகடவென்று மோதும். தாடைக்குப் போகும் நரம்பு வேறு, அது நன்றாக இருந்தது. கன்னத்துக்கு வைத்த கரண்டு அங்கே வழிந்துவிடுகிறது. கரண்டம்மா குச்சித் துணியைப் பிழிந்து, ஈரத்தைக் குறைத்து, மறுபடி வைப்பார். பல் மோதுவது நின்றுவிடும்.

"ஏன் மேடம் அப்படி?"

"தண்ணி எங்க போகுதோ கரண்டும் அங்க போகும். பட்டை பெருசா இருந்தா கரண்டு பரந்து மெலிஞ்சு போகும். அதான் பட்டைக்கு அடியில ஒண்ணும் துள்ளல. குச்சி முனை சின்னது, அத்தனை கரண்டும் அங்க நெரிஞ்சு நுழையுது."

"பட்டையும் குச்சியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா?"

"மேலோட்டமாப் போயிரும். தள்ளி வச்சா ஆழமாப் போகும். சதையோட நீளவாட்டுல சுலபமாப் போகும், குறுக்க போறதுக்குக் கஷ்டப்படும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. உள்ள போய் நான் பாக்கல" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் பாய், "நான் பாத்திருக்கேன் மாப்ள" என்றார். "சதைங்குறது ஒரே கட்டி இல்ல. ஒவ்வொண்ணும் தனித்தனிப் பையில இருக்கும், நடுவுல ஜவ்வு. நீளவாட்டுல நார் நாரா ஓடும். வெள்ளை நரம்பு அந்த ஜவ்வுக்கு ஊடால போகும். நாளைக்குக் காலையில கடைக்கு வா."

போனேன். டார்ச் லைட்டு பேட்டரி இரண்டும், நுனி சீவிய இரண்டு துண்டு வயரும் கொண்டுபோனேன். அறுத்துச் சற்று நேரமே ஆன தொடைக்கறியை அவர் பலகையில் வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. வயர்களை விரற்கடை இடைவெளியில் ஊன்றி, பேட்டரியில் தொட்டு எடுத்தேன். அந்த இடம் மட்டும் சுண்டியது. வயர்களை நாரின் இரண்டு முனைகளுக்குத் தள்ளி ஊன்றினேன். ஒரு கற்றை முழுவதும் சுருங்கிப் பலகையில் நகர்ந்தது. ஜவ்வுக்கு அப்பாலிருந்த கற்றை பெரும்பாலும் சும்மா இருந்தது. பாய் ஒரு கை தண்ணீர் எடுத்து இரண்டின் மேலும் தெளித்தார். தொட்டேன். இரண்டும் சேர்ந்து நெளிந்தன.

கறி வாங்க வந்த கிழவர் ஒருவர் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்ன பாய், உசுரோட நிறுத்துப் போடுறீக? எனக்கு வேணாம்ப்பா. வயித்துக்குள்ள போய்த் துள்ளுனா என்ன பண்றது?"

பாய்க்குச் சிரிப்பு, கூடவே வியாபாரம் போன வருத்தம். எனக்கு வேறொன்று மனதில் நின்றது. ஆடு இல்லை, ஆனால் சதை துள்ளுகிறது. என் கையும் இப்போது இப்படித்தான். சுத்தியலுக்கு அது நெளிவதை வைத்து நான் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. யாருடையது என்று தெரியாமலே சதை நெளியும். எறும்புக்குத் துள்ளினால்தான் அது என் கை.

தை மாதம் கூட்டம் அதிகமாகிவிட்டது. இரண்டு மாதம் பார்த்துப் பழகியவன் என்பதால், சுத்தியலை நானே இடது கையால் வைத்துக்கொள்ளக் கரண்டம்மா விட்டுவிட்டார். எறும்புச் சுவிட்சைத் தொடக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. தண்ணீர் போகும் இடமெல்லாம் கரண்டு போகும் என்றால் நன்றாக ஊற வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. உப்பளத்தில் இருந்தவனுக்கு உப்புத் தண்ணீரின் குணம் தெரியும். அக்கா வீட்டிலிருந்து ஒரு கை கல்லுப்பை மடித்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிக் குவளையில் கரைத்து, என் துண்டைக் கிழித்து நனைத்து, முழங்கையிலிருந்து பாதி முன்கை வரை சுற்றிக்கொண்டேன். தண்ணீர் சொட்டியது. கரண்டம்மா மறுபக்கம் ஒரு குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சை எறும்புக்குத் திருப்பிக் குச்சியைத் துணி மேல் வைத்தேன்.

மடங்கிக் கிடந்த விரல்கள் விறைத்து நீண்டன.

எடுத்தேன், மடங்கின. வைத்தேன், நீண்டன.

"துள்ளுது மாப்ள! யா அல்லா, துள்ளுது!" என்று பாய் கட்டிலிலிருந்து எழுந்தார். கரண்டம்மா திரும்புவதற்குள் நான் சுவிட்சைப் பழையபடி வைத்துவிட்டேன். பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா அன்று சாயங்காலம் பணியாரம் சுட்டாள். லாரி முதலாளிக்கு ஆள் சொல்லியனுப்பினேன், மாசிக்கே வந்துவிடுவேன் என்று.

மறுநாள் கரண்டம்மாவிடம் சொன்னேன்.

"யாரைக் கேட்டுச் சுவிட்சத் திருப்புனீங்க?" என்று முகம் சிவந்தார். ஆனால் அவருக்கும் ஆசைதான். உடனே கையைத் தலையணையில் வைக்கச் சொன்னார். நேற்று செய்தது போலவே துணியைச் சுற்றச் சொல்லி எறும்பை வைத்தார். விரல்கள் நீண்டன. அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முட்டி எந்திரிக்குதா பாருங்க."

பார்த்தேன். விரல்களின் நடுக்கணுவும் நுனிக்கணுவும்தான் நீண்டிருந்தன. விரல் கையோடு சேரும் முட்டி தொங்கியபடியே இருந்தது. மணிக்கட்டு அசையவே இல்லை.

துணியை அவிழ்த்தார். கையைத் துடைத்துக் காயவிட்டார். குச்சியைப் பிழிந்து அதே இடத்தில் வைத்தார். எறும்பு ஊர்ந்தது. ஒன்றும் இல்லை. பிறகு குச்சியை முழங்கையின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் வைத்தார். எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் மின்னுமே, அந்த இடம். விரல்கள் நேற்று போலவே அழகாக நீண்டன.

"இது வேற நரம்பு. உள்ளங்கையில இருக்குற சின்னச் சதைகளுக்குப் போறது. அதுகளும் விரல நீட்டும். ஒங்களுக்கு இது என்னைக்குமே கெடல. தண்ணி ஓடிப்போய் இங்க தேங்கியிருக்கு, கரண்டு இதை எழுப்பியிருக்கு."

பாய் மெதுவாக, "பக்கத்து வீட்டுக் கதவத் தட்டியிருக்கோம், மாப்ள" என்றார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சரி, சாப்பிடு" என்றாள். மச்சான் காளவாசலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. லாரி முதலாளிக்கு மறுபடி ஆள் சொல்லியனுப்பினேன்.

மாசியில் பாய்க்கு முகம் தேறிவிட்டது. வருவதை நிறுத்திவிட்டார். நான் கடை வழியாகப் போகும்போதெல்லாம் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "எறும்பு கடிச்சுச்சா மாப்ள?" நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். பங்குனியும் அப்படியே போயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் மைப்பேனாவால் கையில் புள்ளி வைத்து, எந்த இடத்துக்கு எந்தச் சதை நெளிகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தேன். பச்சை குத்தியவன் மாதிரி இருக்கிறது என்று அக்கா பிள்ளைகள் சிரிக்கும். வெயில் ஏறியதும் வியர்வையில் கரண்டு சுலபமாக நுழைவதைக் கண்டேன். திருகைப் பாதி வைத்தாலே போதும். குளிர்ந்த நாளில் சதை சோம்பலாக நெளிவதையும் கண்டேன். இதனாலெல்லாம் கைக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் என் உடம்புக்குள்ளேயே நான் பார்க்காத ஊர் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது.

சித்திரையில் அழகர் மதுரையிலிருந்து மலைக்குத் திரும்பும் நாள். கூட்டத்தில் பஸ் எப்போது ஓடாமல் நின்றுவிடுமோ என்று வெள்ளனவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். கரண்டம்மா எறும்பை வைத்தார். மூன்று இடத்தில் வைத்தார். திருகைக் கூட்டினார். ஒன்றும் இல்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை அணைத்தார்.

"நாளைக்கு வாங்க. எழுதிக் குடுத்துர்றேன்."

வெளியே பஸ் நின்றுபோயிருந்தது. அக்கா வாங்கிவரச் சொன்ன பொரிகடலைப் பையை இடது கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு எதிராக விளாங்குடி வரை நடந்தேன். வெயில். காளவாசலில் உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வோம் என்று யோசித்துக்கொண்டே ரோட்டோரம் நின்றேன். திண்டுக்கல் பக்கம் போகும் லாரி ஒன்று வந்தது. பை இடது கையில் இருந்ததால், நினைக்காமலே வலது கை மேலே போனது.

லாரி இருபது அடி தள்ளி நின்றது.

நான் ஓடவில்லை. ஏன் நின்றது என்று கையைப் பார்த்தேன். தூக்கியபடியே இருந்தது. மணிக்கட்டு தொங்கவில்லை. முழுக்க நிமிரவும் இல்லை. அசதியில் தலை சாய்ந்தவன் போல, ஆனாலும் நின்றது.

"ஏறுறியா இல்லையாய்யா? நில்லுன்னு காட்டிட்டு ஒங்கையவே பாத்துக்கிட்டு நிக்குற?" என்று டிரைவர் கத்தினார்.

"வாரேண்ணே, வாரேன்!"

வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறப் பார்த்தேன். வழுகியது. இடது கையால் ஏறினேன். சமயநல்லூர் வரைக்கும் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக வந்தேன். டிரைவர் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் கரண்டம்மா கடிதத்தை எழுதி வைத்திருந்தார். நான் கையைத் தலையணையில் வைத்து, மணிக்கட்டைத் தூக்கினேன். இரண்டு விரற்கடை எழுந்தது. முட்டியும் சேர்ந்து எழுந்தது. அவர் என் முழங்கையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், விரல்களைப் பிடித்து மடக்கிவிட்டு மறுபடி தூக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கதவு இல்லை. பிறகு அவசரமாகப் பெட்டியைப் போட்டு எறும்பை வைத்தார்.

ஒன்றும் இல்லை.

"நீங்க தூக்குங்க."

தூக்கினேன். எழுந்தது.

மறுபடி எறும்பு. ஒன்றும் இல்லை. அவர் பெட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன்" என்றார். "நேர்ல இப்பத்தான் பாக்குறேன். நரம்பு புதுசு. மேல போர்த்துற உறை இன்னும் முழுசா வரல. எறும்போட வேகம் அதுக்குப் புடிபடல. நீங்க சொன்னா மட்டும் கேக்குது."

வார்னிஷ் பூசாத கம்பி, ஆனால் வேலை செய்கிறது. மோட்டார் கடையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நான் சொல்வதும் கரண்டுதானே, அது எப்படி அந்தக் கம்பியில் போகிறது என்று கேட்டேன். அவர் தெரியாது என்றார். கடிதத்தை நாலாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டார்.

திரும்பும் வழியில் கறிக்கடை முன்னால் நின்றேன். பாய் கத்தியை நிறுத்தினார்.

"எறும்பு கடிச்சுச்சா மாப்ள?"

"இல்ல பாய்" என்று சொல்லிவிட்டு, வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.